நாற்பத்தைந்தாவது வரி

மதிவதனாவைத் திருகோணமலையில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய விரல் படாத வீடு டவுனில் குறைவு. கலியாண அட்டை, சாமத்தியவீட்டு அட்டை, கோயில் நோட்டீஸ், செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் எல்லாமே பிரதான வீதியில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் அவள் அடித்துத்தான் எழுத்தாகி வெளியே வருகின்றன. இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே கதிரை. பிழை விட்டால் ஊர் முழுக்கப் பெயர் நாறும். சரியாக அடித்தால் அடித்தது யாரென்று ஒரு குஞ்சும் கேட்காது. அச்சுத் தொழிலின் நியாயம் அப்படி. ஒருநாள் சைக்கிள் கூடையில் வைத்திருந்த கலியாண அட்டையின் பிழை பார்க்கிற புரூவை, டவுனுக்குள் ஆடுமாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று தின்றுவிட்டது. முதலாளி கோபப்படவில்லை, மானுக்கும் அழைப்புக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டுத் திரும்ப அடிக்கச் சொன்னார்.

அவள் அடிப்பது பாமினி எழுத்தில். இன்றைக்குப் போனில் தமிழ் அடிக்கிற பிள்ளைகளுக்கு இது விளங்காது, ஆனபடியால் சொல்லிவிடுகிறேன். பாமினியில் அடிக்கும்போது கணினிக்குத் தமிழ் தெரியாது. அது வெறும் ஆங்கில எழுத்துகளை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு மேலே பாமினி என்ற சட்டையைப் போட்டுவிட்டால் நம்முடைய கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆங்கிலத்தில் 'கே' அடித்தால் 'ம' வரும். 'எஃப்' அடித்தால் 'க' வரும். அரைப்புள்ளியை அடித்தால் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழும். சட்டையைக் கழற்றினால் கோழி கிண்டின குப்பைதான். மதிவதனாவுக்கு மட்டும் அந்தக் குப்பையும் தமிழும் ஒன்று. பாமினி இல்லாத கணினியில் யாராவது பழைய கோப்பைத் திறந்து தலையைச் சொறிந்தால், அவள் பக்கத்தில் நின்று மேசையில் விரலைத் தட்டிப் பார்த்து, இது இன்னாருடைய பூப்புனித நீராட்டு விழா அழைப்பு என்று சொல்லுவாள். அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற ரிஸ்னா, மதியக்காவுக்குக் கண் விரலில் இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய கணவர் யோகலிங்கம் பலநாட் படகுக்குப் போகிறவர். போனால் இருபத்தொரு நாள், மூன்று கிழமை கடல், வந்தால் ஒரு கிழமை வீடு. அன்புவழிபுரத்தில் இரண்டு அறையும் குசினியும் உள்ள வீடு. பிள்ளைகள் இல்லை. அதற்காக இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மனிசன் வாயாடி. இளம் வயதில் வானொலி அறிவிப்பாளராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர். குரல் சோதனைக்கு வரச்சொல்லிக் கொழும்பிலிருந்து கடிதமும் வந்ததாம். அந்த நேரம் சண்டையில் பாதை பூட்டிக்கிடந்ததால் போக ஏலாமல் போய்விட்டது. போகாத சோதனையில் தானே முதலாம் ஆள் என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிவரைக்கும் என்று நான் எழுதிவிட்டேன். மதிவதனா இருக்கிற இடத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.

வீட்டில் ஒரு மேசைக் கணினி இருந்தது. அச்சகத்தில் புதியது வாங்கியபோது முதலாளி அவளுக்குக் கொடுத்த பழையது. அதில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு பிளேயர். யோகலிங்கம் ஒரு மைக்கை வாங்கி அதில் கொளுவினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வானொலி நிலையம் நடந்தது. ஒவ்வொரு முறை கடலுக்குப் போவதற்கு முதல்நாளும் அதன் முன்னால் குந்தி, ஓர் அறிவிப்பைத் தன்னுடைய குரலில் பதிந்து, அதற்குப் பின்னால் ஒரு பாட்டைச் சேர்த்து, பழைய பட்டியலின் அடியில் ஒட்டிவிட்டுப் போவார். அவர் போன அன்று பின்னேரம் மதிவதனா வேலையால் வந்து, கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, புதிதாக என்ன இருக்கிறது என்று போட்டுக் கேட்பாள். மற்றப் பெண்களுக்குப் புருஷன் கடலுக்குப் போனால் வீடு வெறிச்சோடும். இவளுக்கு மட்டும் அன்றைக்குத்தான் நிகழ்ச்சி.

இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள் நிலாவெளியிலிருந்து மாமி, மாமியின் வெள்ளாடு, வெள்ளாட்டின் இரண்டு குட்டிகள் என்று ஒன்றில் சொல்லுவார். இன்னொன்றில் அன்புவழிபுரத்திலிருந்து மதிவதனா, அவர் நேற்றுக் கருக்கின கத்தரிக்காய்க் கறி என்று வரும். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரைக்கேறும்.

பட்டியலில் பெயர்கள் தமிழில் தெரியவேண்டும் என்று அவர் அடம்பிடித்தபடியால், பிளேயருக்குப் பாமினிச் சட்டையை அவள்தான் போட்டுவிட்டாள். விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் மேலே தமிழ் எழுத்தைச் சின்னத் தாளில் வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். பாட்டின் மேல் மவுஸை வைத்து வலது பக்கம் அமத்தினால் ஒரு பெட்டி திறக்கும், அதில் பெயரை அடிக்க வேண்டும், அடிக்கும்போது ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும், பயப்படாமல் அடித்துப் பெட்டியை மூடினால் பட்டியலில் தமிழாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் இரண்டு விரலால் மண்வெட்டி பிடிக்கிற மாதிரி அடித்தார். மூடிப் பார்த்துத் தமிழ் வந்ததும் வீடு அதிரக் கைதட்டினார்.

ஏழு வருடத்துக்கு முந்தி ஒரு கார்த்திகை மாதம் அவருடைய படகு ஆறு பேரோடு போனது. ஓட்டி கதிராமன், நாற்பது வருடக் கடல் தெரிந்த ஆள். ஒன்பதாம் நாள் தாழமுக்கம் எழும்பிக் கடல் புயலாகியது. அதற்குப் பிறகு படகிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தேடப் போனவர்களுக்கு ஒரு நீலப் பீப்பாயும் கொஞ்ச வலையும் கிடைத்தன. மனிதர் ஒருவரும் கிடைக்கவில்லை. நாலைந்து மாதம் பார்த்திருந்துவிட்டு, மற்ற ஐந்து வீட்டாரும் ஐயரைக் கேட்டு ஒரு நாளைக் குறித்துக் காரியம் செய்தார்கள். அந்த ஐந்து பேரின் கல்வெட்டையும் மதிவதனாதான் அடித்தாள், கதிராமனுடையது உட்பட. ஆறாவதை அடிக்கவில்லை. திதி தெரியாமல் எதைச் செய்வது என்று கேட்டாள். பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா, முதுகுக்குப் பின்னால் நாலு கதை கதைத்தது. கதைத்தவர்களின் வீட்டுக் கலியாண அட்டைகளையும் அவள் ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

அவளிடம் மிஞ்சினது அந்தப் பட்டியல் ஒன்றுதான். இருபத்திரண்டு பாட்டு, இருபத்துமூன்று அறிவிப்பு, எல்லாமாக நாற்பத்தைந்து வரி. கடைசி அறிவிப்புக்குப் பின்னால் பாட்டு இல்லை. "அடுத்ததை விரும்பிக் கேட்பவர், அன்புவழிபுரத்திலிருந்து யோகலிங்கம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். எதைக் கேட்டார், ஏன் போடவில்லை என்று அவளுக்குத் தெரியாது. நேரம் இல்லாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஏழு வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் முதலாவது வரியிலிருந்து நாற்பத்தைந்தாவது வரைக்கும் போட்டுவிட்டுத்தான் சமைப்பாள். கேட்பது என்றுகூடச் சொல்ல ஏலாது. வீட்டில் ஆள் நடமாடுகிற சத்தம் மாதிரி அது.

போன மாரியில் ஒரு பின்னேரம் இடி விழுந்தது. கணினி ஒரு தடவை முனகிவிட்டுச் செத்துப்போனது.

மழையோடு மழையாக அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் உள்ள வினோதனின் கடைக்குப் போனாள். வினோதன் முப்பத்தைந்து வயதுக் குடும்பகாரன், கை சுத்தம், வாய் கொஞ்சம் கூட. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வாயைக் குறைத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்தான். உள்ளே இருந்த பாட்டு, குரல் எல்லாம் தப்பிவிட்டன, ஒன்றும் அழியவில்லை, ஆனால் பெட்டி முடிந்த கதை என்றான். வேறு பெட்டியில், புதிய விண்டோஸோடு எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். அவள் கடையிலேயே கதிரையில் இருந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், பழைய பிளேயர் கண்ணை முழித்துவிட்டு உடனே மூடிக்கொண்டது. பத்துத் தரம் போட்டாள், பத்துத் தரமும் அதேதான். வினோதனைக் கேட்டால், அதைச் செய்தவர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள், புதிய விண்டோஸில் அது ஓடாது, ஆயிரம் பிளேயர் இருக்கிறது, ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்றான். ரிஸ்னா இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் காலத்தில் யாரக்கா பாட்டைப் பெட்டியில் பூட்டி வைக்கிறது, எல்லாம் போனிலேயே கிடக்கிறது என்றாள். பாட்டு கிடக்கிறதுதான். பாட்டுக்கு முன்னால் வருகிற வெள்ளாடும் கத்தரிக்காய்க் கறியும் எந்தப் போனில் கிடக்கிறது?

வினோதன் போட்டுக் கொடுத்த முதலாவது பிளேயர் நல்ல வடிவு. கறுப்புப் பின்னணி, படம், மினுக்கம். அது பட்டியலைக் கண்டுகொள்ளவில்லை. தானாகவே எல்லாவற்றையும் வாரி எடுத்துப் பாடகர் வாரியாக அடுக்கியது. யோகலிங்கத்தின் இருபத்துமூன்று குரலையும் ஒரு மூலையில் குவித்து, அதற்கு மேல் 'பாடகர் யாரென்று தெரியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர்ப்பலகை மாட்டியது. மதிவதனா அதைத் தட்டினாள். பாட்டே இல்லாமல் மனிசன் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனார். மாமி கேட்கிறார், வெள்ளாடு கேட்கிறது, மதிவதனா கேட்கிறார், முதலாளி கேட்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாவது குரல் தொடங்கினபோது கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சையே நிற்பாட்டினாள்.

அன்றிலிருந்து அவள் தானே தேடத் தொடங்கினாள். அச்சகத்தில் மத்தியானச் சோற்று நேரத்தில், கையில் கவளத்தோடு, இணையத்தில் ஆட்கள் எழுதுகிறதை வாசித்தாள். இதைப்போலவே பழைய பிளேயரை இழந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அதுக்குப் பதில் இது நல்லது, இதுக்குப் பதில் அது நல்லது என்று சண்டை பிடித்தார்கள். அவளுக்கு இங்கிலிஸ் அடிக்கத் தெரிந்த அளவுக்கு வாசிக்க வராது. ஆனாலும் எழுத்துக்கூட்டி விளங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

இரண்டாவது பிளேயர் பட்டியலைத் திறந்தது. நாற்பத்தைந்து வரியும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. ஒன்றும் பாடவில்லை. வேறொருவராக இருந்தால் அத்தோடு கைகழுவியிருப்பார்கள். அவள் அச்சுக்காரி. பட்டியலை வெறும் எழுத்தாகத் திறந்து பார்த்தாள். பாட்டுகள் முன்பு 'டி' என்ற இடத்தில் இருந்தன, வினோதன் ஏற்றினபோது 'ஈ' என்ற இடத்துக்குப் போயிருக்கின்றன. பட்டியல் பழைய விலாசத்தில் போய்த் தட்டிக்கொண்டு நிற்கிறது. கலியாண அட்டையில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றுகிற மாதிரி நாற்பத்தைந்து இடத்திலும் மாற்றினாள். எல்லா வரிக்கும் உயிர் வந்தது. முதலாவது வரியில் "வணக்கம்" என்று அவர் தொடங்கினபோது, சரி, வந்திட்டார் என்று வாய்விட்டே சொன்னாள்.

ஆனால் அந்தப் பிளேயருக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு வரி முடிவதற்கு முன்னால் அடுத்ததைத் தொடங்கி, ஒன்றை ஒன்றுக்குள் கரைத்துவிடும். பாட்டுக்குப் பாட்டு என்றால் அது ஒரு அழகுதான். குரலுக்கு அது கத்தி. ஒவ்வொரு அறிவிப்பின் கடைசிச் சொல்லையும் பாட்டு விழுங்கியது. வெள்ளாட்டின் குட்டிகள் வரவேயில்லை. அதை எங்கே நிற்பாட்டுவது என்று வினோதன் போனில் சொல்லிப் பார்த்தான். நிற்பாட்டினால் மூடித் திறக்கும்போது திரும்ப வந்தது. மூன்றாவது, பெயர் விலாசம் எல்லாம் கேட்டுக் கணக்குத் திறக்கச் சொன்னது. நாலாவது, பாட்டுக்கு நடுவில் விளம்பரம் போட்டது. என்னுடைய புருஷனுக்கு நடுவில் எவன் விளம்பரம் போடுகிறது என்று அவள் அதைத் தூக்கி எறிந்தாள்.

இந்தத் தேடலில் மூன்று கிழமை போனது. ரிஸ்னா ஒருநாள் தயங்கித் தயங்கி, விடுங்கோவன் மதியக்கா, ஏழு வருஷம் கேட்டாச்சுத்தானே என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். மதிவதனாவுக்கு இருந்த பயம் வேறு. இந்த மூன்று கிழமையில் ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது, மனிசன் 'நிலாவெளி' என்பதை எப்படி இழுத்துச் சொல்லுவார் என்று யோசித்துப் பார்த்தாள். உடனே நினைவுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. ஆளைக் கடல் எடுத்தது, குரலையும் விட்டால் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

ஐந்தாவது பிளேயரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்டுபிடித்தாள். வடிவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம், கோடு கோடாகக் கட்டம், அரசாங்கக் கச்சேரியில் நிரப்பக் கொடுக்கிற படிவம் மாதிரி. காசு கேட்கவில்லை, கணக்குக் கேட்கவில்லை. பட்டியலைக் கொடுத்தாள். முதலாவது வரி முடிந்து, ஒரு மூச்சு விட்டு, பாட்டு தொடங்கியது. வெள்ளாடு வந்தது, இரண்டு குட்டியும் வந்தன. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழும்பிப்போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

பெயர்கள் மட்டும் தமிழில் தெரியவில்லை. புதிய பிளேயருக்குப் பாமினிச் சட்டை போட வழி இல்லை. எல்லாம் ஆங்கிலக் குப்பையாகக் கிடந்தன. அவளுக்கு அது ஒரு பொருட்டா? தேத்தண்ணீரோடு வந்து கதிரையில் இருந்து, ஒவ்வொரு வரியாகக் குப்பையை வாசித்துக்கொண்டே கேட்டாள். அவர் அடித்த பெயர்களில் புள்ளி குறைவு. அரைப்புள்ளி அடிக்க அவருக்கு எப்போதும் மறந்துபோகும். திருத்த வேண்டும் என்று முன்பு நினைத்திருக்கிறாள். இப்போது திருத்துகிறதாக இல்லை.

பழைய பிளேயரில் பெயரும் நேரமும் மட்டும்தான் தெரியும். இந்தப் பிளேயர் எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் காட்டியது. பாட்டின் பெயர், பாடியவர், ஆண்டு, வலது பக்கக் கரையில் 'குறிப்பு' என்று இன்னொரு கட்டம். பெட்டியைத் திறந்து பெயர் அடிக்கிறபோது அடியில் பெரிதாக ஒரு வெற்றிடம் இருக்குமே, அது. அதில் யாரும் ஒன்றும் எழுதுவதில்லை. நாற்பத்துநாலு வரிக்கும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. நாற்பத்தைந்தாவது வரியில், கட்டத்துக்கு வெளியே வழிகிற அளவுக்கு ஆங்கில எழுத்து நெருக்கியடித்துக் கிடந்தது.

முதல் மூன்று எழுத்து கே, ஜே, பி. அவளுடைய நடுவிரலும் சுட்டுவிரலும் சின்னவிரலும் மேசையில் தாமாக விழுந்தன. மதி.

மவுஸை அதன் மேல் வைத்தாள். முழுவதும் விரிந்தது. தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, மேசை விளிம்பில் இரண்டு கையையும் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். புள்ளி இல்லாத இடத்தில் புள்ளி போட்டு, விசை மாறி விழுந்த இடத்தில் மாற்றி, ஒரு புரூவைப் பார்க்கிற மாதிரித்தான் வாசித்தாள்.

"மதி, இந்தமுறை போக எனக்கு மனம் வருகுதில்லை. ஏன் எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது. பயமாக் கிடக்கு. வெளிக்கிடுற நேரம் வாயால சொல்லக்கூடாது, சொன்னால் நீரும் சிரிப்பீர். அதுதான் எழுதுறன். நில்லுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். நான் நிப்பன். நீர் ஒண்டும் சொல்லாட்டில் போறன்."

திரும்பவும் முதலிலிருந்து தட்டினாள். வேறு விதமாக வாசிக்க ஏலுமா என்று பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் பிழை பிடித்த விரல். அதில் பிழை இல்லை.

பெயர் அடிக்கிற சின்னக் கட்டத்தில் இவ்வளவையும் எழுத இடம் காணாது. ஆகையால் அடியில் இருந்த பெரிய கட்டத்தில் எழுதியிருக்கிறார். அடிக்கும்போது குப்பையாகத்தான் தெரிந்திருக்கும். பயப்படாமல் அடித்து மூடினால் தமிழாகிப் பட்டியலில் வந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தது அவள்தானே. அவர் நம்பி எழுதி, நம்பி மூடியிருக்கிறார். அன்றிரவு கணினியை அணைக்காமல் விட்டதும் அவள் விடியக் காணட்டும் என்றுதான் என்று இப்போது அவளுக்கு விளங்கியது. பெரிய கட்டத்தில் எழுதுவது பட்டியலில் வராது என்று அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. அதில் எழுத அவருக்கு ஒரு தேவை வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

சிரிப்பீர் என்று எழுதியதற்கும் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் ஒரு தடவை வயிற்றுவலி என்று படகை விட்டு நின்றுவிட்டார். வலி பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரைக்கடல் வீரன் என்று பெயர் வைத்து, நிலாவெளிக்குப் போனபோது தன்னுடைய தாய்க்கும் சொல்லி, இரண்டு பேருமாகச் சேர்ந்து சிரித்தார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆம்பிளை சிரித்தால் நோகவில்லை என்று பெண்டுகள் நினைத்துவிடுகிறோம் என்று பிறகு ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள்.

கடலுக்குப் போகிற வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளிக்கிடுகிற நேரம் எங்கே என்று கேட்கக்கூடாது, போகாதே என்று மறிக்கக்கூடாது, பயம், சாவு என்று ஒரு சொல்லும் வாயில் வரக்கூடாது. நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அவர் போன அந்தக் காலைப்பொழுது அவளுக்கு ஒரு சொல் தவறாமல் நினைவில் இருந்தது. ஏழு வருடமாக அதை நல்ல காலைப்பொழுது என்றே நினைத்து வைத்திருந்தாள். வாசலில் ஓட்டோ நின்றது. உள்ளே கதிராமன் இருந்தார். அவள் குசினியில் கணவருக்குச் சோற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். யோகலிங்கம் பையைத் தோளில் போட்டபடி குசினி வாசலில் வந்து நின்றார்.

"நான் எழுதி வைச்சதைப் பார்த்தனீரோ?" என்று கேட்டார்.

சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் துண்டு கிடந்தது. காஸ் சிலிண்டர் முடியப்போகிறது, தண்ணீர்க் குழாய்க்கு ஆளைக் கூப்பிடவும் என்று அவர் முதல்நாள் எழுதி வைத்தது. அதை அவள் விடியவே பார்த்திருந்தாள்.

"ஓம், பார்த்தனான்."

"அப்ப என்ன சொல்லுறீர்?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோற்றுப் பொதியின் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"அதில சொல்ல என்ன இருக்கு, நான் பாக்கிறன். வெளிக்கிடுங்கோ, கதிராமண்ணை காத்துக்கொண்டு நிக்கிறார்."

அவர் கொஞ்சம் நின்றார். பிறகு சரி என்று சொல்லிப் பொதியை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் வேலையால் வந்து பட்டியலைப் போட்டபோது, அடுத்ததை விரும்பிக் கேட்பவர் யோகலிங்கம் என்று குரல் வந்தது, பாட்டு வரவில்லை. படகு அந்த நேரம் துறைமுக வாயைத் தாண்டி எவ்வளவோ தூரம் போயிருக்கும். திரும்பி வரட்டும், என்ன பாட்டு என்று கேட்டுப் பகிடி பண்ணலாம் என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரைக்கும் அவள் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. அழுதாளா என்றால் அழுதாள். ஏழு வருடம் கடலைத் திட்டி அழுதவள். அன்றைக்குத் திட்டுவதற்கு ஒருவரும் இல்லாமல் அழுதாள்.

அடுத்தநாள் வேலைக்குப் போனாள். இரண்டு கலியாண அட்டை, ஒரு கல்வெட்டு. மத்தியானம் வினோதன் போன் எடுத்தான். பிளேயர் கிடைத்ததா என்று விசாரித்தான். கிடைத்துவிட்டது, எல்லாம் ஒழுங்காகப் பாடுகிறது, பெயர்கள் மட்டும் பாமினியில் கிடக்கின்றன என்று சொன்னாள். அது ஒரு வேலையே இல்லை அக்கா, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதிய எழுத்துக்கு மாற்றுவதற்கு ஒன்று இருக்கிறது, பின்னேரம் வந்து மாற்றி விடுகிறேன், பிறகு யாரும் வாசிக்கலாம் என்றான். உதவி செய்கிற ஆசை அவனுக்கு.

ரிஸ்னா தாள் மடிக்கிற கையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். மதிவதனா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி, கை வையாதையும்" என்றாள். "அது எனக்கு எழுதினது. நான்தான் வாசிக்கேல்லை."